ஒரே ஒரு உதாரணம்

உங்கள் மேசை விசிறியின் முன்வலையில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, ஐயா. அதனால்தான் இப்படிக் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நானே முடுக்கித் தந்திருப்பேன். வாசலில் உங்கள் ஆள் என் பையை வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். இருக்கட்டும், சத்தத்தோடேயே பேசலாம்.

நான் வந்திருப்பது என் மச்சினன் விஷயமாக. என் மனைவியின் தம்பி. கடையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். எங்கே போனாலும் பின் பாக்கெட்டில் ஒரு ஸ்பேனர் இருக்கும். தன் கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்து நின்றான் என்று அவன் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தம்பிக்கு மாற்றுத்துணி கொண்டுவந்திருக்கிறாள். அவனை வெளியே எடுக்கத்தான் நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அது உண்மையும்தான்.

தையல்கார அம்மாவும் அவர் மகளும் இறந்துபோன வழக்கில், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் தெரிந்தே தவறான பாகத்தைப் பொருத்தினார் என்று எழுதி அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு கேஸ் வாட்டர் ஹீட்டர் வியாபாரம். கம்பெனி சரக்கு அனுப்பும், நான் விற்பேன், என் ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு புத்திசாலி கம்பெனிக்கு யோசனை சொல்லியிருக்கிறான்: விற்கிறவர்களுக்கெல்லாம் கட்டாயப் பயிற்சி வையுங்கள், அதற்குக் கட்டணமும் வாங்குங்கள் என்று. தலைக்கு இவ்வளவு, வருஷா வருஷம். கட்டாவிட்டால் கடை வாசலில் இருக்கும் 'அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்' பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், சரக்கும் வராது. அவர்கள் சரக்கை நான் விற்றுக்கொடுப்பதற்கு, நானே அவர்களுக்குக் காசு கட்டவேண்டும். உங்கள் இலாகாவில் சல்யூட் அடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா, சொல்லுங்கள்.

டெக்னீஷியன்களுக்கு மட்டும் என்றாலாவது பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். என் மனைவி கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிறவள். ஹீட்டரில் தண்ணீர் எந்தப் பக்கம் உள்ளே போகிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அவளுக்கும் கட்டணம். வண்டியிலிருந்து பெட்டி இறக்குகிற டிரைவருக்கும் கட்டணம். இரண்டு பையன்களுக்குக் கட்டிப் படிக்கவைத்தேன். சர்டிபிகேட் கைக்கு வந்த சூட்டோடு எதிர்க்கடைக்காரன் அவர்களை இழுத்துக்கொண்டான். கம்பெனிக்குப் போன் செய்தால், சர்டிபிகேட் ஆளுக்குத்தான் சொந்தம், கடைக்கு இல்லை, புது ஆட்களுக்குப் புதிதாகக் கட்டுங்கள் என்கிறார்கள். உங்கள் ஆதங்கம் எங்களுக்குப் புரிகிறது என்று ஒரு பெண் தேன் ஒழுகச் சொன்னாள். பிறகு லைன் கட்டாகிவிட்டது.

அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் வீடியோதான். முதல் பாடம் கம்பெனியின் வரலாறு, முதலாளி சின்ன வயதில் எப்படிக் கஷ்டப்பட்டார் என்று. இரண்டாவது பாடம், கடைப் பலகையில் அவர்களுடைய சின்னத்தைச் சுற்றி எவ்வளவு வெள்ளை இடம் விடவேண்டும் என்பது. மூன்றாவது, வாடிக்கையாளர் கதவைத் திறந்ததும் எப்படித் தலையாட்டிப் புன்னகைப்பது. ஓடவிட்டுவிட்டு எழுந்துபோகவும் முடியாது. நடுநடுவே ஒரு கட்டம் வந்து 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று அமுக்காவிட்டால் மறுபடி முதலாளியின் சின்ன வயதிலிருந்து தொடங்கிவிடும். சாப்பிட்டுக்கொண்டே அமுக்கியிருக்கிறேன், வாடிக்கையாளரோடு சண்டை போட்டுக்கொண்டே அமுக்கியிருக்கிறேன், ஒரு தடவை காய்ச்சலோடு போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி அமுக்கியிருக்கிறேன். அதெல்லாம் யாருக்குத் தெரியும்.

ஸ்பேனருக்குப் பரீட்சை என்றாலே உதறல். கைவேலையில் குறை சொல்லவே முடியாது. ஆனால் திரையில் ஒரு கேள்வியும் கீழே நாலு பதிலும் வந்தால் அவனுக்கு வியர்த்துக் கொட்டிவிடும். முதல் வருஷம் எழுதித் தவறினான். திரும்ப எழுதத் திரும்பக் கட்டணம். அதிலும் தவறினான். "மாமா, என்னை விட்டுடுங்க, நான் ரெண்டு ஆள் வேலையைச் சேத்துச் செய்றேன், இதை மட்டும் செய்யச் சொல்லாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அன்றையிலிருந்து அவன் பெயரில் நான்தான் உட்காருகிறேன். எங்கள் சங்கத்தில் இதைச் செய்யாத கடைக்காரர் ஒருவரைக்கூட நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. சர்டிபிகேட் அவன் பெயரில் இருக்கும், பாடம் என் தலையில் இருக்கும். வேலைக்குப் போகிற இடத்தில் சந்தேகம் வந்தால் எனக்குப் போன் போட்டுக் கேட்பான். ஆக, அவன் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் என்று நீங்கள் எழுதியிருப்பது முதல் தப்பு.

இந்த வருஷப் பாடத்தில் உருப்படியாக ஒன்று இருந்தது, அதை மறைக்கக்கூடாது. ஹீட்டரிலிருந்து புகை வெளியே போக ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாயை ஹீட்டரோடு சேர்க்க ஒரு வளையம் உண்டு. புது மாடலுக்கு அந்த வளையத்தை மாற்றியிருக்கிறார்கள். பழைய வளையமும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், பொருந்தவும் பொருந்தும். ஆனால் சூடேறினால் இளகிவிடும். வெளியே போகவேண்டிய புகை குளியலறைக்குள்ளேயே தங்கிவிடும். அந்தப் புகைக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. உள்ளே இருப்பவருக்கு அசதியாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும். அதனால் பழைய வளையங்களையெல்லாம் அழித்துவிடுங்கள், புதியவை இலவசமாக அனுப்புகிறோம் என்று சொன்னார்கள். அந்தக் கம்பெனியிடமிருந்து இலவசமாக வந்த ஒரே பொருள் அதுதான். பரீட்சையிலும் அதைக் கேட்டார்கள். சரியாகத்தான் எழுதினேன். மறுநாள் காலையில் ஸ்பேனரிடம் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம்தான் சங்கக் கூட்டம்.

வாடகை மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள். கம்பெனியிலிருந்து பயிற்சிப் பிரிவு மேலாளரை வரவழைத்திருந்தோம். சின்ன வயது, தூசி படாத ஷூ. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து குமுறினார்கள். கட்டணம் கட்டுவதற்காக டெலிவரி வண்டியை விற்றுவிட்ட ஒரு பெரியவர் பேச ஆரம்பித்து, பாதியிலேயே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேலாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தலையாட்டலை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். மூன்றாவது பாடத்தில் பார்த்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, இந்தப் பயிற்சியால் யாருக்கு என்ன பிரயோசனம், எங்கள் ஆட்கள் இது வருவதற்கு முன்னாலும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க சார். எங்க சர்டிபிகேட் வாங்கின ஒருத்தர் மாட்டின இடத்துல ஏதாவது தப்பு நடந்திருக்கா? காட்டுங்க, இந்தக் கட்டணத்தையே எடுத்துடச் சொல்லி நானே எழுதித் தர்றேன்."

எங்கே போய்க் காட்டுவது? அப்படி ஒன்றுமே நடந்ததில்லை. எங்கள் ஆட்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள், அதனால் தப்பு நடப்பதில்லை. அதை இந்த மனுஷன் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார், எழுதிக்கொண்டு எங்களிடமே கட்டணமும் வாங்குகிறார். எப்படி வயிறு எரிந்திருக்கும் என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. மனைவி கேட்டாள், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஒரே ஒரு உதாரணம், ஒரே ஒரு உதாரணம் என்று அதுவே காதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ஸ்பேனர் வந்தான், டீ குடித்தான், போனான். நான் வளையத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எந்த முடிவும் எடுக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். புது வளையங்கள் வந்தபோது பெட்டியைப் பிரித்து என் மேசைக்குள் வைத்துக்கொண்டேன். பழையவற்றை அழிக்கவில்லை. இதை அலட்சியம் என்று எழுதிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது நேர்மையாக இருக்காது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்கு ஹீட்டர் போனாலும், அதற்கு வேண்டிய குழாய், வளையம், திருகு, வாஷர் எல்லாவற்றையும் நானே எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிக் கொடுப்பேன். ஆட்கள் கையில் விட்டால் ஒன்றைக் கொண்டுபோவான், இன்னொன்றை மறப்பான். ஸ்பேனர் அந்தப் பையை வீட்டில் போய்த்தான் பிரிப்பான். புது வளையங்கள் வந்த அன்றையிலிருந்து எல்லாப் பைகளிலும் நான் புது வளையத்தைத்தான் போட்டேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் சரியான வளையம் இருக்கும். நான் கண்டபடி காரியம் செய்கிற ஆள் இல்லை.

தையல்கார அம்மாவை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்பீர்கள். அவர் தனியாக இருப்பவர். குளியலறை சின்னது, ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தபோது சேர்த்து அடித்து அது திறக்காமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அளவு பார்க்கப் போனபோது கவனித்தேன். நல்ல திடகாத்திரமான பெண்மணி. தலைவலி வந்தால் உடனே வெளியே வந்து எனக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார். வாங்குவதில் கெட்டிக்காரர். கம்பெனி சொல்கிற நிறத்தில் சீருடை போடவேண்டும் என்று ஒரு விதி வந்தபோது எங்கள் கடைக்கு முழுக்க அவர்தான் தைத்துக் கொடுத்தார். துணியில் நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன் என்று நடுத்தெருவில் வைத்து என் மானத்தை வாங்கினார். அதற்காகவெல்லாம் இல்லை. எனக்கு அவர்மேல் மரியாதைதான். இப்போது நான் போட்டிருக்கும் சட்டைகூட அவர் தைத்ததுதான், பாருங்கள், காலர் இன்னும் மடங்காமல் நிற்கிறது.

நான் எதிர்பார்த்தது ஒரு தலைவலி. மிஞ்சிப்போனால் ஒரு மயக்கம், ஒரு டாக்டர் சீட்டு. அவர் எழுத்தில் புகார் கொடுப்பார். சர்டிபிகேட் வாங்கின டெக்னீஷியன் மாட்டிய ஹீட்டரில் கோளாறு. அதைக் கொண்டுபோய் மேலாளரின் மேசையில் வைத்தால் முடிந்தது. எத்தனை கடைக்காரர்கள் பிழைத்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். வண்டியை விற்ற அந்தப் பெரியவரை நினைத்துப் பாருங்கள்.

உயிர் போகும் என்று பாடத்தில் இருந்ததா என்கிறீர்கள். இருந்தது. சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அவர்கள் எல்லாவற்றையும்தான் சிவப்பில் போடுகிறார்கள், ஐயா. சின்னத்தைச் சுற்றி வெள்ளை இடம் விடாவிட்டாலும் சிவப்புதான்.

மாட்டுகிற அன்று ஸ்பேனர் அந்த வீட்டிலிருந்து போன் செய்தான்.

"மாமா, இந்த வளையம் கொஞ்சம் இளக்கமா இருக்கிற மாதிரி இருக்கு. கையால திருப்பினா அசையுது. நீங்கதானே கிளாஸ்ல உட்கார்ந்தீங்க, புது மாடலுக்கு இப்படித்தானா?"

"அப்படித்தான்டா. சூடானா பிடிச்சுக்கும்," என்றேன்.

சரி மாமா என்றான். பின்னாலேயே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அந்த அம்மா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாராம், குளியலறைக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அதையும் இவன் காசு வாங்காமல் சரிசெய்துவிட்டு வந்திருக்கிறான். அவன் அப்படித்தான், யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு வேலை கூடுதலாகச் செய்துவிட்டுத்தான் வருவான்.

பிறகு சில நாள் போன் வரவில்லை. அவர் நல்ல காற்றோட்டமாகக் கதவைத் திறந்து வைத்துக் குளிக்கிறார் போலிருக்கிறது, தனியாக இருப்பவர்தானே என்று நினைத்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவருடைய மகள் கைக்குழந்தையோடு ஊரிலிருந்து வரப்போகிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது ஒரு சாக்கு சொல்லி வளையத்தை மாற்றியிருப்பேனோ என்னவோ. பிரயாணக் களைப்பு தீர அந்தப் பெண் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிதானமாகக் குளித்திருக்கிறாள். கூப்பிட்டுப் பார்த்துப் பதில் வராததால் அம்மா கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார். மகளைத் தூக்கப் பார்த்து அவரும் அங்கேயே விழுந்துவிட்டார். குழந்தையின் அழுகை கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தபோது, அது தையல் மெஷினுக்கு அடியில் நூல்கண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததாம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னறை வரைக்கும் புகை வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரமே நீங்கள் ஸ்பேனரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். என் மனைவி மூன்று வேளையும் அழுகிறாள். தம்பி இப்படிச் செய்துவிட்டானே என்றுதான் அழுகிறாள். இவ்வளவு காசு கட்டிப் படிக்கவைத்தீர்களே, ஒரு வளையத்தைப் பார்த்து மாட்டத் தெரியவில்லையே அவனுக்கு என்று என்னிடமே சொன்னாள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளை எங்கள் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

போன வாரம் அவனைப் பார்க்க வந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "கவலைப்படாதீங்க மாமா. பரீட்சை எழுதினது நான்தான்னு சொல்லிட்டேன். ஆள் மாத்தி எழுதினது தெரிஞ்சா பலகையைக் கழட்டிடுவாங்க, அக்கா தெருவுல நிக்கணும்." பின் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான், அதில் ஒன்றும் இல்லை. பிறகு கேட்டான்: "மாமா, அன்னைக்கு இளக்கமா இருக்குன்னு கேட்டேனே, அப்ப உங்களுக்கும் தெரியாதுல்ல?"

தெரியாது என்றேன். அவனுக்கு முகம் தெளிந்துவிட்டது. அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது என்றால், நான் சொன்னதில் என்ன தப்பு?

இத்தனைக்கும் நான் நிம்மதியாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன், ஐயா. உதாரணம் கிடைத்துவிட்டது. நான் நினைத்ததைவிடப் பெரியதாகிவிட்டது, வாஸ்தவம், ஆனால் கிடைத்துவிட்டது. கட்டணத்தை எடுக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். நேற்றுக் காலையில் கம்பெனியிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. துயரச் சம்பவத்தை முன்னிட்டு, இதுவரை கொடுத்த பயிற்சி போதவில்லை என்று கருதுவதால், இனிமேல் பயிற்சி இரண்டு கட்டமாக நடக்குமாம். இரண்டாவது கட்டத்துக்குத் தனிக் கட்டணம். சங்கத்துக்காரர்கள் வரிசையாகப் போன் போட்டு, உன் மச்சினன் புண்ணியத்தில் நாங்கள் எல்லாரும் தண்டம் அழவேண்டியிருக்கிறது என்று காறித் துப்பாத குறைதான். வண்டியை விற்ற பெரியவர், கடையை மூடிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். நேற்று இரவுதான் முதல் தடவையாக எனக்குத் தூக்கம் வரவில்லை.

பயிற்சி போதவில்லையாம். எப்படி அவர்களால் வாய் கூசாமல் எழுத முடிகிறது? அதற்காகத்தான் விடிந்ததும் கிளம்பி இங்கே வந்தேன்.

இப்போது நான் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். பாடத்தில் உட்கார்ந்தது நான். வளையத்தைப் பற்றிய கேள்விக்குச் சரியான பதில் எழுதியது நான். பழைய வளையத்தைத் தேடி எடுத்துத் தையல்கார அம்மாவின் பையில் போட்டது நான். இளக்கமாக இருக்கிறதே என்று மாட்டுகிறவன் கேட்டபோது, சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னதும் நான். உங்கள் வரியில் இருக்கும் இரண்டாவது தப்பு அது. தெரிந்து செய்தது அவன் இல்லை. பயிற்சி போதாமல் இது நடக்கவில்லை, ஐயா. நூற்றுக்கு நூறு வாங்கியவன் செய்தது. இதன் நகல் ஒன்று பயிற்சிப் பிரிவு மேலாளருக்குப் போகவேண்டும். ஒரே ஒரு உதாரணம் காட்டினால் கட்டணத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதித் தருவதாக மண்டபத்தில் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருக்கிறார். முகவரி சொல்லட்டுமா? எனக்கு மனப்பாடம்.

இல்லை, வேறொன்றும் சொல்வதற்கில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?

என்ன கேட்டீர்கள், விசிறிச் சத்தத்தில் சரியாக விழவில்லை. மச்சினனா?

ஆமாம், ஐயா. அவனுக்காகத்தான் வந்தேன்.